கட்டடத்துக்குள் எது எங்கே? ஜெர்மன் மொழியில் இடம் சொல்லும்போது நேரும் பிழைகளை நீக்கும் வழிமுறை

ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைத் தேர்வுகளில் தேறியவர்கள்கூட, ஒரு கட்டடத்துக்குள் நின்றுகொண்டு கழிப்பறை எந்தப் பக்கம், கோப்பு எந்த அலமாரியில், சலவை இயந்திரம் எந்தத் தளத்தில் என்று பிறருக்குச் சொல்ல வேண்டி வரும்போது தடுமாறுகிறார்கள். சொற்கள் தெரியும், வாய்ப்பாடும் தெரியும், ஆனால் கேட்டவர் வேறு அறைக்குப் போய்விடுகிறார், அல்லது வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பதுபோல் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். இந்தக் குறிப்பு அத்தகைய விளைவுகளை அறிகுறிகளாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும் திருத்தத்தையும் சொல்கிறது. ஜெர்மன் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டிருப்பதால் ஒலிகள் ஏறத்தாழவே அமையும். குறிப்பாக 'யூ' என்று எழுதப்பட்டுள்ள இடங்கள் பலவற்றில் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லும் ஒலியே வரும் என்பதால், அவற்றை ஒருமுறை காதால் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த அறிகுறியானாலும் சோதிக்க வேண்டிய வரிசை ஒன்றே: முதலில் வினை, அடுத்து முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் நின்று இடத்தைக் காட்டும் 'இன்', 'அவுஃப்' போன்ற சொல்), அதன் பிறகு வேற்றுமை, கடைசியாகப் பெயரின் பால். மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடைத்தாளில் சிவப்பு மை விழுவது பெயருக்கு முன் வந்து அதன் பாலையும் வேற்றுமையையும் காட்டும் 'டெம்', 'டென்' போன்ற ஆர்ட்டிகிள்களின் மேல் என்பதால், பிழை அங்கேதான் பிறந்தது என்று நினைத்து, 'டெர், டீ, டாஸ்' பட்டியலை மறுபடியும் உருப்போடத் தொடங்குகிறார்கள். பால் தெரியாமல் நேரும் பிழைகள் உண்டுதான். ஆனால் வினை என்ன கேட்கிறது என்று பாராமல் ஆர்ட்டிகிளைத் தேர்ந்ததால் நேரும் பிழைகளே அதிகம்.

அறிகுறி: வாக்கியத்தை முடித்துவிட்டீர்கள்; கேட்பவர் இன்னும் காத்திருக்கிறார்

தொலைபேசியில் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்டு, நீங்கள் 'இஹ் பின் இன் டீ க்யூஹெ' என்று பதில் சொன்னால் எதிர்முனையில் ஒரு மௌனம் விழும். 'இன் டீ க்யூஹெ' என்றால் சமையலறைக்குள் நுழைவது என்று பொருள்படுவதால், அதற்குப் பின் 'கெகாங்கென்' என்ற எச்சம் வந்து 'சமையலறைக்குள் போனேன்' என்று வாக்கியம் நிறைவு பெறும் என அவர் எதிர்பார்க்கிறார். நீங்கள் சொல்ல நினைத்தது 'இஹ் பின் இன் டெர் க்யூஹெ', அதாவது சமையலறையில் இருக்கிறேன். இதன் மறுபக்கமும் உண்டு: 'இஹ் கேஹெ இன் டெர் க்யூஹெ' என்று சொன்னால், நீங்கள் சமையலறைக்குப் போவதாக அல்ல, சமையலறைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பதாக அவர் புரிந்துகொள்வார்.

முறையே ஒட்டி, மேல், பின்னால், உள்ளே, பக்கத்தில், உயரே, அடியில், முன்னால், இடையில் என்று பொருள்படும் 'ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபென், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷென்' ஆகிய 9 முன்னிடைச்சொற்களும் இரண்டு வேற்றுமைகளை ஏற்கும். பொருள் ஓரிடத்தில் இருந்தால் டாட்டீஃப். ஓரிடத்தைச் சென்று சேர்ந்தால் அக்குஸாட்டீஃப். விதி இவ்வளவுதான். ஆயினும் தமிழர்களுக்கு இதில் மூன்று தடைகள் எதிர்ப்படுகின்றன.

முதல் தடை பெயரிலேயே இருக்கிறது. டாட்டீஃப் என்பதை நம் இலக்கணத்தின் நான்காம் வேற்றுமையோடு பொருத்தித்தான் நாம் கற்கிறோம்; 'எனக்குக் கொடு' போன்ற வாக்கியங்களில் அந்தப் பொருத்தம் சரியாகவும் இருக்கிறது. ஆனால் தமிழில் 'கு' உருபு சென்று சேரும் இடத்தையும் காட்டும்: சமையலறைக்கு, மாடிக்கு, அலுவலகத்துக்கு. ஆகவே 'கு' என்றால் டாட்டீஃப் என்று மனத்தில் பதிந்தவர், 'சமையலறைக்குப் போகிறேன்' என்பதற்குத் தயங்காமல் 'இன் டெர் க்யூஹெ' என்று எழுதிவிடுகிறார். மேலே சொன்ன 9 சொற்களைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. நம்முடைய 'இல்' நிற்கும் இடத்தில் டாட்டீஃபும், 'கு' நிற்கும் இடத்தில் அக்குஸாட்டீஃபும் வரும்.

இரண்டாவது தடை, 'எங்கே' என்ற கேள்வி. ஜெர்மன் மொழியில் இருப்பிடத்தைக் கேட்க 'வோ' என்றும் சேருமிடத்தைக் கேட்க 'வோஹின்' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பாடநூல்களும் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. தமிழிலோ 'எங்கே இருக்கிறாய்', 'எங்கே போகிறாய்' என்ற இரண்டையும் ஒரே சொல்லால் கேட்டுவிடுகிறோம். மேலும், 'உள்ளே', 'மேலே', 'அடியில்', 'பின்னால்' போன்ற சொற்கள் நம்மிடம் இரண்டு பொருளிலும் வடிவம் மாறாமல் நிற்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளு. இங்கே வேறுபாட்டைக் காட்டுவது வினை மட்டுமே. ஜெர்மன் மொழியில் முதல் வாக்கியம் 'டெர் கொஃபர் லீக்ட் உன்டர் டெம் பெட்' என்றும், அடுத்தது தன்மையில் 'இஹ் ஷீபெ டென் கொஃபர் உன்டர் டாஸ் பெட்' என்றும் அமையும். ஆகவே மனத்துக்குள் தமிழில் 'எங்கே' என்று கேட்டுப் பார்க்கும் சோதனை பயன் தராது.

மூன்றாவது தடை, வகுப்பறைகளில் சுருக்கமாகச் சொல்லித்தரப்படும் 'அசைவு என்றால் அக்குஸாட்டீஃப்' என்ற சூத்திரம். இது பாதி உண்மை. 'டீ கின்டர் லவுஃபென் இம் ஃப்ளூர்' என்ற வாக்கியத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள், அசைவு இருக்கிறது, ஆனாலும் டாட்டீஃபே வருகிறது, ஏனெனில் அவர்கள் ஏற்கெனவே நடைக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். அதையே 'இன் டென் ஃப்ளூர்' என்று மாற்றினால், வேறோர் இடத்திலிருந்து நடைக்கூடத்துக்குள் ஓடிவருகிறார்கள் என்று பொருள்.

மூன்று தடைகளையும் தாண்ட ஒரே சோதனை போதும். வினை நிகழத் தொடங்குவதற்கு முன்பே அந்த ஆளோ பொருளோ அந்த இடத்தில் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்றால் டாட்டீஃப்; வினைதான் அதை அங்கே கொண்டு சேர்க்கிறது என்றால் அக்குஸாட்டீஃப்.

வேற்றுமையைச் சரியாகத் தேர்ந்த பிறகும் ஆர்ட்டிகிள் தவறுகிறது என்றால்தான் பாலைச் சோதிக்க வேண்டும். அதிலும் ஓர் ஆறுதல் உண்டு. டாட்டீஃபில் ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் வடிவம் ஒன்றே என்பதால், இருப்பிடத்தைச் சொல்லும்போது ஒரு சொல் பெண்பாலா இல்லையா என்பது தெரிந்தாலே போதும்: பெண்பால் என்றால் 'டெர்', இல்லையென்றால் 'டெம்'. நடைக்கூடமாகிய 'ஃப்ளூர்' ஆண்பால், அறையாகிய 'ட்ஸிம்மர்' நடுப்பால். இரண்டுக்கும் 'இன் டெம்' என்பதன் சுருக்கமாகிய 'இம்' ஒன்றே வரும். கட்டடம் தொடர்பான பெண்பாற் சொற்களில் பல 'எ' ஒலியில் முடிகின்றன: 'க்யூஹெ', 'ட்ரெப்பெ' (படிக்கட்டு), 'எக்கெ' (மூலை), 'டெக்கெ' (உட்கூரை), 'ட்வாலெட்டெ' (கழிப்பறை). கதவாகிய 'ட்யூர்', சுவராகிய 'வாண்ட்', குடியிருப்பாகிய 'வோனுங்' ஆகியவற்றை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் வீட்டின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பன்மையில் ஒரு சிறு பொறி இருக்கிறது. டாட்டீஃப் பன்மையில் ஆர்ட்டிகிள் 'டென்' ஆவதோடு பெயரின் முடிவிலும் 'ன்' ஒலி சேரும்: 'ட்ஸ்விஷென் டென் ஷ்ட்யூலென்', 'இன் டென் ட்ஸிம்மர்ன்'. 'ஸ்' ஒலியில் பன்மையாகும் 'ப்யூரோஸ்' போன்றவற்றுக்கு இது தேவையில்லை. 'இன் டென் ஃப்ளூர்' என்பதில் வரும் 'டென்' ஆண்பால் ஒருமை அக்குஸாட்டீஃப். 'இன் டென் ட்ஸிம்மர்ன்' என்பதில் வருவது பன்மை டாட்டீஃப். இரண்டையும் கேட்டவுடன் பிரித்தறிய அந்த இறுதி 'ன்' உதவுகிறது. அதை விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு அந்த உதவி கிடைக்காது.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் எல்லாமே 'இருக்கிறது' என்று ஒலிக்கிறது

தமிழில் புத்தகம் மேசையில் இருக்கிறது, தட்டு மேசையில் இருக்கிறது, சட்டை கொக்கியில் இருக்கிறது, சாவி பூட்டில் இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் 'இஸ்ட்' என்று சொன்னால் யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வினையாலேயே காட்டிவிடுகிறார். அதைக் கேட்பவர் எதைத் தேடவேண்டும் என்பதை அந்த வினையிலிருந்தே ஊகிக்கிறார்.

நிமிர்ந்து நிற்பது 'ஷ்டேட்', கிடப்பது 'லீக்ட்', தொங்குவது 'ஹெங்க்ட்', ஒன்றுக்குள் செருகியிருப்பது 'ஷ்டெக்ட்'. அலமாரியில் முதுகு தெரிய அடுக்கிய புத்தகம் 'ஷ்டேட் இம் ரெகால்'. அதே புத்தகம் மேசையில் படுக்கைவாட்டில் இருந்தால் 'லீக்ட் அவுஃப் டெம் டிஷ்'. பூட்டில் விட்டுவந்த சாவி 'ஷ்டெக்ட் இம் ஷ்லொஸ்'. இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. வியப்பளிப்பது தட்டு: எவ்வளவு தட்டையாக இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் அது 'ஷ்டேட்', ஏனெனில் தனக்குரிய அடிப்பாகத்தின் மேல் அது நிற்கிறது. கவிழ்த்து வைத்தால் அந்த வினை பொருந்தாமல் போகும். அடிப்பாகமோ காலோ உடையது தன் இயல்பான நிலையில் இருந்தால் 'ஷ்டேட்' என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும். கட்டில், அலமாரி, நிறுத்தப்பட்ட கார், கணினித் திரை எல்லாம் அப்படியே. தரைவிரிப்பும் காகிதமும் சாவிக்கொத்தும் 'லீக்ட்'. ஓர் அறையோ வீடோ எங்கே அமைந்திருக்கிறது என்று சொல்லவும் 'லீக்ட்' வரும்: 'டீ க்யூஹெ லீக்ட் இம் ஏர்ட்கெஷோஸ்', சமையலறை தரைத்தளத்தில் உள்ளது. அறையின் சன்னல் முற்றத்தைப் பார்த்திருந்தால், நடக்கவே நடக்காத அறைக்கு 'போகிறது' என்ற வினையைத் தந்து 'டாஸ் ட்ஸிம்மர் கேட் ட்ஸும் ஹோஃப்' என்கிறார்கள்.

இந்த வினைகளுக்கு இணையாக, பொருளை அந்த நிலையில் வைக்கும் வினைகளும் உண்டு: 'ஷ்டெல்லென்' நிறுத்தி வைப்பது, 'லேகென்' கிடத்தி வைப்பது, 'ஸெட்ஸென்' உட்கார வைப்பது. 'ஷ்டேஹென், லீகென், ஸிட்ஸென்' ஆகியவை டாட்டீஃபையும், இவை அக்குஸாட்டீஃபையும் இழுத்து வரும் என்பதால், இணைகளை இணைகளாகவே மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு வேற்றுமையைத் தனியே யோசிக்கும் வேலை பாதியாகக் குறைகிறது. நான் வரிசையில் வினையை முதலில் வைத்ததற்கு இதுவே காரணம். 'ஹெங்கென்' தொங்குவதற்கும் தொங்கவிடுவதற்கும் ஒரே வடிவில் இருக்கிறது; இறந்தகாலத்தில்தான் பிரியும். படம் சுவரில் தொங்கியது என்றால் 'ஹிங்'. நான் படத்தை மாட்டினேன் என்றால் 'ஹெங்க்டெ'. எச்சவடிவங்கள் முறையே 'கெஹாங்கென்', 'கெஹெங்க்ட்'.

அறிகுறி: மேசையில் உள்ள பொருளை அவர் அந்தரத்தில் தேடுகிறார்

தமிழில் 'மேசை மேலே' என்றால் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மேசைக்கு உயரே தொங்கவும் செய்யலாம். ஜெர்மன் மொழி தொடுதலை வைத்துப் பிரிக்கிறது. மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'அவுஃப்', தொடாமல் உயரே இருந்தால் 'யூபர்', செங்குத்தான பரப்பையோ ஓரத்தையோ ஒட்டியிருந்தால் 'ஆன்'. ஒரே விளக்கு 'அவுஃப் டெம் டிஷ்' நிற்கலாம், 'யூபர் டெம் டிஷ்' தொங்கலாம். உட்கூரையிலிருந்து தொங்குவதைச் சொல்லும்போது அது 'ஆன் டெர் டெக்கெ' ஆகும். உட்கூரையும் 'ஆன்' ஏற்கும் பரப்பாகவே கருதப்படுகிறது. அந்த இடத்தில் 'அவுஃப்' சொன்னால், விளக்கு போர்வையின் மேல் கிடப்பதாகவும் கேட்கலாம், ஏனெனில் போர்வைக்கும் 'டெக்கெ' என்றே பெயர்.

மிகவும் சிரிப்பூட்டும் பிழை உட்காருவதில் நேர்கிறது. 'மேசையில் உட்கார்ந்து பேசினோம்' என்று நாம் இயல்பாகச் சொல்வதை 'அவுஃப் டெம் டிஷ்' என்று மொழிபெயர்த்தால், கூட்டத்தில் அனைவரும் மேசையின் மேல் ஏறி அமர்ந்ததாகப் பொருள். நாற்காலி போட்டு மேசையருகே அமர்வது 'ஆம் டிஷ்' ('ஆம்' என்பது 'ஆன் டெம்' என்பதன் சுருக்கம்). அதேபோல் சன்னலோரம் 'ஆம் ஃபென்ஸ்டர்', கதவருகே 'ஆன் டெர் ட்யூர்'.

கட்டடத்தின் சில பகுதிகள் எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்பதை ஊகிக்க முடியாது. கேட்டுப் பழக வேண்டியதுதான். பால்கனியும் திறந்த மேற்தளமும் 'அவுஃப்' ஏற்கும். முற்றமும் தோட்டமும் 'இன்' ஏற்கும். படிக்கட்டில் நிற்பவர் 'அவுஃப் டெர் ட்ரெப்பெ', ஆனால் படிக்கட்டு அமைந்த கூடத்தில் நிற்பவர் 'இம் ட்ரெப்பென்ஹவுஸ்'. நடைக்கூடத்துக்கு 'இம் ஃப்ளூர்', 'அவுஃப் டெம் ஃப்ளூர்' இரண்டும் வழக்கில் உள்ளன. கழிப்பறைக்குப் போயிருப்பவரைக் குறித்து 'அவுஃப் டெர் ட்வாலெட்டெ' என்பார்கள். அந்த அறைக்குள் மறந்து வைத்த கைப்பையைக் குறிக்க 'இன் டெர் ட்வாலெட்டெ' பொருந்தும்.

அறிகுறி: நீங்கள் சொன்ன தளத்துக்குப் போனவர் வேறு தளத்தில் நிற்கிறார்

தளங்களை எண்ணும் முறை அடிப்படையில் நமக்குப் பழகியதே. தரைத்தளம் 'ஏர்ட்கெஷோஸ்', அதற்கு மேலுள்ளது 'எர்ஸ்டெர் ஷ்டொக்', அலுவலக நடையில் 'எர்ஸ்டெஸ் ஓபர்கெஷோஸ்'. தமிழ்நாட்டில் முதல் மாடி என்பதும் அதையே. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வருபவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனெனில் அங்கே தரைத்தளமே முதல் தளம். நிலத்தடித் தளம் 'உன்டர்கெஷோஸ்', கூரையை ஒட்டிய தளம் 'டாஹ்கெஷோஸ்'. மின்தூக்கிப் பொத்தான்களிலும் பலகைகளிலும் இவை முதலெழுத்துச் சுருக்கங்களாக வரும். மேல்தளத்துக்கான சுருக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் 'ஓ கே' என்று ஒலிப்பதால், புதிதாகக் கேட்பவர் சம்மதம் சொல்வதாக நினைத்துத் தலையாட்டக்கூடும்.

வரிசை எண் ஈறுகளைக் கவனியுங்கள். 'இம் எர்ஸ்டென் ஷ்டொக்', 'இம் ட்ஸ்வைட்டென் ஷ்டொக்', 'இன் டெர் டிரிட்டென் எடாஷெ' என்று டாட்டீஃபில் எண்ணின் முடிவு 'என்' ஆகும். கட்டடத்தின் உயரத்தைச் சொல்ல 'ட்ஸ்வைஷ்ட்யொக்கிஹ்' போன்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் 'இரண்டு மாடிக் கட்டடம்' என்று நாம் சொல்லும்போது தரைத்தளம் சேர்ந்ததா இல்லையா என்று எழும் அதே ஐயம் அங்கேயும் எழுகிறது.

குழப்பம் உண்மையில் தொடங்குவது பழைய கட்டடங்களில். தெருமட்டத்திலிருந்து சில படிகள் ஏறி அடையும் தளம் 'ஹோஹ்பார்டெர்ரெ' எனப்படும். வியன்னாவின் பழைய குடியிருப்புகளில் அதற்கு மேல் 'மெட்ஸானீன்' என்ற ஒரு தளமும் வந்து, அதன் பிறகே முதல் மாடி எண்ணப்படுவதுண்டு. அங்கே 'இம் எர்ஸ்டென் ஷ்டொக்' என்பதை நம்பி ஒரு தளம் மட்டும் ஏறியவர் அழைப்புமணிப் பலகையில் பெயரைத் தேடி அலைய நேரும். ஆகவே அத்தகைய கட்டடத்தில் எண்ணோடு நிறுத்தாமல், சுவரில் எழுதியுள்ள தளப் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான குடியிருப்புகளுக்குக் கதவு எண் கிடையாது. அழைப்புமணியிலும் அஞ்சல்பெட்டியிலும் உள்ள குடும்பப் பெயரே அடையாளம். எனவே வீட்டைச் சொல்லும்போது தளமும் பக்கமும் சேர்த்து 'டிரிட்டெர் ஷ்டொக் லிங்க்ஸ்' என்று சொல்வது வழக்கம். பெர்லினின் பழைய குடியிருப்புகளில் அதற்கும் முன்னால் எந்தக் கட்டடப் பகுதி என்பதைச் சொல்லியாக வேண்டும்: தெருவைப் பார்த்த முன்பகுதி 'ஃபோர்டர்ஹவுஸ்', முற்றத்துக்கு அப்பால் உள்ளது 'ஹின்டர்ஹவுஸ்', இரண்டையும் இணைக்கும் பக்கவாட்டுப் பகுதி 'ஸைட்டென்ஃப்ளூகெல்'. வியன்னாவில் முறை வேறு; முகவரியில் வீட்டு எண்ணை அடுத்துச் சாய்கோடிட்டு, படிக்கட்டு எண்ணாகிய 'ஷ்டீகெ', பின்னர் கதவு எண்ணாகிய 'ட்யூர்' என்று வரும். 12/2/15 என்றால் 12ஆம் எண் வீட்டில் 2ஆம் படிக்கட்டு வழியாக ஏறி 15ஆம் கதவு. அவசர உதவிக்கு 112ஐ அழைக்கும்போது இந்த விவரங்களை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அழைப்பில் கேட்கப்படும் கேள்விகளில் 'வோ' முதன்மையானது. உங்கள் சொந்த வீட்டுக்குரிய அந்த ஒரு வாக்கியத்தையாவது எழுதிப் பார்த்து, தடையின்றி வாயில் வரும்வரை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வழி கேட்டவர் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்

வழி சொல்லும்போது மேலே கண்ட 9 சொற்கள் மட்டும் போதா. வேற்றுமை மாறாத வேறு சில சொற்கள் உள்ளே நுழைகின்றன. இவற்றிடம் 'இருந்ததா, சேர்ந்ததா' என்ற சோதனை செல்லாது. 'டுர்ஹ்', 'உம்' ஆகியவை எப்போதும் அக்குஸாட்டீஃப்: 'டுர்ஹ் டீ க்ளாஸ்ட்யூர்' என்றால் கண்ணாடிக் கதவின் வழியாக, 'உம் டீ எக்கெ' என்றால் மூலையைச் சுற்றி. 'ட்ஸூ', 'அவுஸ்', 'ஃபொன்', 'கேகென்யூபர்' ஆகியவை எப்போதும் டாட்டீஃப். இங்கேதான் முன்பு ஒதுக்கிவைத்த 'கு' உருபு தன் இடத்தைப் பெறுகிறது: 'ட்ஸுர் க்யூஹெ', 'ட்ஸும் அவுஃப்ட்ஸூக்'. 'இன் டீ க்யூஹெ' என்றால் சமையலறைக்குள்ளேயே நுழைவது. 'ட்ஸுர் க்யூஹெ' என்றால் சமையலறை நோக்கிச் செல்வது, உள்ளே நுழைவதும் நுழையாததும் அவர் பாடு. வழி கேட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இரண்டாவது.

பெயருக்குப் பின்னால் நிற்கும் சொற்கள் தமிழருக்கு எளிதாக இருக்க வேண்டும். நம் மொழியில் எல்லாமே பெயருக்குப் பின்னால்தானே வருகின்றன. ஆயினும் முன்னிடைச்சொற்களுக்குப் பழகிவிட்ட பின் இவை தவறிப்போகின்றன. 'கேஹென் ஸீ டென் காங் என்ட்லாங்' என்றால் நடைவழியே செல்லுங்கள். 'என்ட்லாங்' பின்னால் நிற்கும், பெயர் அக்குஸாட்டீஃபில் வரும். 'டீ ட்ரெப்பெ ஹினவுஃப்' என்றால் படியேறி, இதுவும் அக்குஸாட்டீஃப். 'ஆம் அவுஃப்ட்ஸூக் ஃபோர்பை' என்றால் மின்தூக்கியைக் கடந்து. இதில் 'ஆன்' டாட்டீஃபோடு முன்னாலும் 'ஃபோர்பை' பின்னாலும் நின்று பெயரை இருபுறமும் அணைத்துக்கொள்கின்றன. 'ஃபோர்பை' விடுபட்டால், மின்தூக்கியைக் கடந்து போக வேண்டியவர் மின்தூக்கியின் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

இடம் வலம் குழம்பினால் பெரும்பாலும் இலக்கணத்தில் பிழை இராது. யாருடைய இடக்கை என்பது சொல்லப்படாமல் இருக்கும். எதிரெதிரே நின்று பேசும் இருவருக்கு இடம் வலமாகும். தொடக்கப் புள்ளியை முதலில் நிறுவிவிடுங்கள்: 'வென் ஸீ அவுஸ் டெம் அவுஃப்ட்ஸூக் கொம்மென், இஸ்ட் டீ ட்வாலெட்டெ க்ளைஹ் ரெஹ்ட்ஸ்'. நீங்கள் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தால், கழிப்பறை உடனே வலப்பக்கம். இந்த வாக்கியத்தின் முற்பகுதியில் வினை தமிழில் போலவே கடைசியில் நிற்பதையும், காற்புள்ளிக்குப் பின் அடுத்த வினை உடனே வந்துவிடுவதையும் கவனியுங்கள். கதவுகளை எண்ணிச் சொல்வதும் நம்பகமான வழி: 'டீ ட்ஸ்வைட்டெ ட்யூர் லிங்க்ஸ்', இடப்பக்கம் இரண்டாவது கதவு.

அறிகுறி: 'மேலே வாருங்கள்' என்றதற்கு அவர் அசையவில்லை

'ஓபென்' (மேலே), 'உன்டென்' (கீழே), 'ட்ரின்னென்' (உள்ளே), 'ட்ரவுஸென்' (வெளியே) ஆகியவை இருப்பிடத்தை மட்டுமே சொல்லும். மேலே இருக்கிறேன் என்பதற்கு 'இஹ் பின் ஓபென்' சரி, மேலே போகிறேன் என்பதற்கு 'நாஹ் ஓபென்' வேண்டும். இதை மறந்தால் மேல்தளத்தில் உலாவுவதாகப் பொருள் வரும். 'ஹின்', 'ஹேர்' என்ற முன்னொட்டுகளில் முதலாவது பேசுபவரை விட்டு விலகுவதையும் இரண்டாவது அவரை நோக்கி வருவதையும் காட்டும். கதவைத் தட்டினால் உள்ளிருப்பவர் 'ஹெரைன்' (உள்ளே வாருங்கள்) என்பது அதனால்தான். நம் 'போ', 'வா' போன்ற வேறுபாடே இது. அன்றாடப் பேச்சில் இரண்டும் 'ரைன், ரவுஸ், ரவுஃப், ருன்டர்' என்று சுருங்கித் திசை வேறுபாட்டையே இழந்துவிடுவதால், எழுத்துத் தேர்வைத் தவிர மற்ற இடங்களில் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அறிகுறி: எல்லாச் சொற்களும் சரி, வரிசை மட்டும் தமிழ்

'கீழ்த்தளத்தில் சலவை இயந்திரங்கள் உள்ளன' என்ற வரிசையிலேயே 'இம் கெல்லர் டீ வாஷ்மஷீனென் ஷ்டேஹென்' என்று சொல்வது தமிழரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. இடத்தை முதலில் சொன்னால் வினை அடுத்ததாக வந்தே தீரவேண்டும்: 'இம் கெல்லர் ஷ்டேஹென் டீ வாஷ்மஷீனென்'. இடக்குறிப்பு எவ்வளவு நீண்டாலும் அது ஓர் உறுப்பாகவே எண்ணப்படும். 'இம் எர்ஸ்டென் ஷ்டொக் லிங்க்ஸ் நேபென் டெம் அவுஃப்ட்ஸூக்' என்று முடித்த பிறகே 'இஸ்ட் டீ டேக்யூஹெ' என்று தேநீர் அறையைச் சொல்லலாம். ஆனால் கேள்விக்குள் பொதிந்த கேள்வியில் வினை மீண்டும் கடைசிக்குப் போய்விடும்: 'க்யொன்னென் ஸீ மீர் ஸாகென், வோ டீ டேக்யூஹெ இஸ்ட்?'

இதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு பிழை 'எஸ் கிப்ட்'. புதிதாக ஒன்று உண்டு என்று அறிவிக்கும் இந்தத் தொடர், பொருள் அசையாமல் கிடந்தாலும் அக்குஸாட்டீஃபையே கேட்கும். அறையோ தன் டாட்டீஃபை விட்டுக்கொடுக்காது: 'இன் டெர் க்யூஹெ கிப்ட் எஸ் ஐனென் டிஷ்'. இதையே 'ஷ்டேட்' கொண்டு சொன்னால் மேசை எழுவாயாகி 'ஐன் டிஷ்' ஆகிவிடும். இருவருக்கும் தெரிந்த மேசை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு 'எஸ் கிப்ட்' உதவாது; 'டெர் டிஷ் ஷ்டேட் இன் டெர் க்யூஹெ' என்று மேசையையே முதலில் வையுங்கள்.

அறிகுறி: பாடநூலின் சொல் அந்த ஊரில் பிடிபடவில்லை

இது பிழையல்ல, வட்டார வேறுபாடு. மின்தூக்கி ஜெர்மனியில் 'அவுஃப்ட்ஸூக்' அல்லது 'ஃபார்ஷ்டூல்', ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலும் 'லிஃப்ட்'. ஆஸ்திரியாவில் 'ஸெஸெல்' என்றால் சாதாரண நாற்காலி, ஜெர்மனியில் அது சாய்வுநாற்காலி. ஆகவே ஓரிடத்தில் 'அவுஃப்' என்றும் மற்றோரிடத்தில் 'இம்' என்றும் உட்கார்வார்கள். 'ஷ்டேஹென், லீகென், ஸிட்ஸென்' ஆகியவற்றின் எச்சவடிவத்தோடு வடக்கே 'ஹாட்' வரும். தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 'இஸ்ட்' வரும், இரண்டும் ஏற்கப்பட்டவை. கூரைக்கு அடியில் பழைய பொருள்களைப் போட்டுவைக்கும் இடத்துக்குத்தான் பெயர்கள் மிகுதி: பொதுவழக்கில் 'டாஹ்போடென்', வடக்கே வெறும் 'போடென்', தெற்கிலும் மேற்கிலும் 'ஷ்பைஹர்', சுவாபியப் பகுதியில் 'ப்யூனெ'. 'போடென்' தரையையும் குறிக்கும் என்பதால், வடக்கே ஒருவர் பெட்டி 'அவுஃப் டெம் போடென்' இருக்கிறது என்றால் குனிந்து பார்த்துவிட்டு ஏணியையும் பார்க்க வேண்டியிருக்கும். சுவிட்சர்லாந்தில் அதே இடம் 'எஸ்ட்ரிஹ்'; ஜெர்மனியில் அந்தச் சொல் தரைக்குப் போடும் காரைப்பூச்சைக் குறிக்கும். எனவே சூரிச்சில் வாடகை ஒப்பந்தத்தில் 'எஸ்ட்ரிஹ்' சேர்த்தி என்று எழுதியிருந்தால், தரையைப் பார்த்து ஐயுறாமல் கூரைத்தளத்துச் சேமிப்பறைக்கான சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.